மழைக் கணக்கும் மறவாக் காவலும்

கண்டி நகருக்கு வடக்கே, மகாவலி கங்கையின் கரையிலே கட்டுகஸ்தோட்டை அமைந்துள்ளது. பிங்கா ஓயா அவ்வூரின் அருகே மகாவலியுடன் கலக்கின்றது. 1880ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட மாத்தளை இருப்புப் பாதையும் அவ்வழியே செல்கின்றது. ஆயினும் இலங்கை மக்களுட் பெரும்பாலோர் அவ்வூர்ப் பெயரை அறிந்தது வானொலியின் வானிலை அறிக்கை மூலமாகவே எனலாம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அவதான நிலையங்களுள் ஒன்று அங்கு உள்ளது. காலை 8.30 மணியுடன் முடிவடையும் 24 மணி நேரத்திலே இத்தனை மில்லிமீற்றர் மழை பெய்தது என அறிவிக்கப்படும் பொழுது, சமவெளியில் வாழ்வோர் அதனைச் சாதாரண செய்தியாகக் கேட்டுவிட்டுத் தம் அலுவலைப் பார்க்கச் செல்வர். மலைச்சரிவிலே வீடு கட்டி வாழ்வோருக்கோ அந்த இலக்கம் உயிரோடு தொடர்புடையது.

மண்சரிவு பற்றி ஆராய்ந்து எச்சரிக்கை விடுக்கும் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்தது. அந்நிறுவனம் வழக்கமாகக் கைக்கொள்ளும் அளவுகள் எளியவை. 24 மணி நேரத்திலே 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யின் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டின் வெளியேறுவதற்கு ஆயத்தமாயிருத்தல் வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்திலே 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ, இடத்தை விட்டு அகலுதல் வேண்டும். இவ்வளவுகள் வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல என்பதை 2025 நவம்பர் இறுதியிலே வீசிய டித்வா சூறாவளி நாட்டுக்கு உணர்த்தியது. அப்பொழுது நேர்ந்த வெள்ளத்தாலும் மண்சரிவாலும் மிகுந்த உயிரிழப்பைக் கண்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று.

ஆகவே, இரவு முழுவதும் உறங்காது மழையைக் கூட்டிக்கொண்டேயிருக்கும் காவலன் ஒருவன் வேண்டும். மனிதன் களைப்படைவான், கணினி களைப்படையாது என்பது பொதுவான எண்ணம். கணினி களைப்படையாது என்பது உண்மையே. ஆனால் அது திடீரென நின்றுபோகும். நின்ற பின் மீண்டும் எழும்பொழுது நடந்ததை முற்றாக மறந்தும் போகும். நின்ற செய்நிரலைத் தானாகவே எழுப்பி, மறந்ததையும் நினைவூட்டி, மனிதர் கைபடாமலே பணியைத் தொடரச் செய்வது எவ்வாறு? கடந்த சில ஆண்டுகளாகக் கணினி அறிஞர்களின் சிந்தனையை ஈர்த்த இக்கேள்விக்கு, இலங்கையிலே பிறந்த மென்பொருள் ஒன்றும் தக்க விடையளித்திருக்கின்றது.

விளக்கத்தின் பொருட்டுக் கட்டுகஸ்தோட்டையை அடுத்த ஒரு மலைச்சரிவிலே தானியங்கி மழைமானி ஒன்று நிறுத்தப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்க. அது 10 நிமிடத்துக்கு ஒருமுறை, அந்த 10 நிமிடத்திலே பெய்த மழையின் அளவைச் செய்தியாக அனுப்புகின்றது. நாளொன்றுக்கு 144 செய்திகள். இச்செய்தி ஒவ்வொன்றையும் கணினித் துறையினர் 'நிகழ்ச்சி' என்பர்.

வங்கியிலே கணக்குப் பார்க்கும் செய்நிரல், வாடிக்கையாளர் வந்து கேட்கும் வரை வாளாவிருக்கும். கேட்டதும் ஏட்டைப் புரட்டி விடை கூறும். நிகழ்ச்சிவழிச் செய்நிரல் அத்தகையது அன்று. அங்கே கேள்வி முன்னரே எழுதப்பட்டுவிட்டது: 'கடந்த 24 மணி நேர மழையின் கூட்டுத்தொகை 150ஐத் தாண்டுகின்றதா?' அக்கேள்வி நிலையாக நிற்க, தரவுகள் ஆறுபோல அதனைக் கடந்து ஓடுகின்றன. புதிய செய்தி வரும்பொழுதெல்லாம் அது கூட்டப்படும். 24 மணி நேரத்துக்கு முந்திய செய்தி கழிக்கப்படும். விடை 'ஆம்' என்று மாறிய அக்கணமே எச்சரிக்கை பிறக்கும்.

இவ்வகைப் பணிக்கென மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே இறுதியாண்டு மாணவர் சிலர் ஒரு மென்பொருளை உருவாக்கினர். அதற்கு 'சித்தி' எனப் பெயரிட்டனர். தமிழிலே அச்சொல் கைகூடுதலைக் குறிக்கும். சிங்களத்திலோ நிகழ்ச்சி என்னும் பொருளையும் தரும். எஸ். சுகோதயனை முதல் ஆசிரியராகக் கொண்டு, ஸ்ரீநாத் பெரேரா, விஷாகா நாணாயக்கார முதலியோரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 2011இலே வெளியாயிற்று. பின்னர், 2005இலே தொடங்கப்பட்டுக் கொழும்பிலே பெரிய பணியகத்தைக் கொண்டிருக்கும் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்னும் நிறுவனம் அதனை வளர்த்தெடுத்தது. எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தவும் திருத்தவும் இடமளிக்கும் உரிமத்துடன் அது வெளியிடப்பட்டது. வாடகை வாகனச் சேவை நடத்தும் ஊபர் நிறுவனமும் தன்னிடம் வந்து குவியும் நிகழ்ச்சிகளை ஆராய அதனைப் பயன்படுத்தியதுண்டு.

செய்நிரலை எழுதிவிட்டால் மட்டும் போதாது. அது ஓடுவதற்கு ஒரு கணினி வேண்டும். அக்கணினியிலே அதற்கு வேண்டிய துணைக்கருவிகள் யாவும் சரியான பதிப்பிலே இருத்தல் வேண்டும். முன்னாளில் இவற்றையெல்லாம் ஒரு பராமரிப்பாளர் தம் கையாலேயே செய்துவந்தார். ஒரு கணினியில் ஓடிய செய்நிரல் மற்றொன்றில் ஓட மறுப்பது அவருக்கு அன்றாடத் தொல்லை. கொழும்புத் துறைமுகத்திலே சரக்குகள் எவ்வாறு ஒரே அளவான கொள்கலன்களில் அடைக்கப்பட்டுக் கப்பலிலும் லொறியிலும் மாறி மாறி ஏறுகின்றனவோ, அவ்வாறே செய்நிரலையும் அதற்கு வேண்டிய துணைக்கருவிகளையும் ஒருங்கே கட்டி, எந்தக் கணினியிலும் இறக்கி ஓட்டும் முறை வந்தது. அதற்கும் கொள்கலன் என்றே பெயர். 2013இலே வெளியான டொக்கர் என்னும் மென்பொருள் இம்முறையைப் பரவலாக்கியது.

கொள்கலன்கள் பெருகியதும், பல கணினிகளை ஒன்றாகக் கோத்த கூட்டமொன்றிலே எந்தக் கொள்கலனை எங்கே இறக்குவது, ஒன்று நின்றால் அதற்கு ஈடாக மற்றொன்றை எப்பொழுது எழுப்புவது என்பன புதிய சிக்கல்களாயின. இவற்றைத் தீர்க்க 2014இலே கூகிள் நிறுவனத்தார் அறிமுகப்படுத்திய அமைப்பே குபர்னெட்டீஸ். கப்பலின் சுக்கானைப் பிடிப்போனைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. பழந்தமிழர் அத்தகையோனை மீகாமன் என்றனர்.

இந்த மீகாமன் வேலை செய்யும் முறையை அறிய, கட்டுகஸ்தோட்டைக்குச் சற்றுக் கீழே மகாவலியை மறித்து நிற்கும் பொல்கொல்லை அணையை நோக்கின் போதும். 1976 முதல் அவ்வணை மகாவலி நீரின் ஒரு பகுதியை வடக்கே திருப்பிவருகின்றது. அந்நீர் சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்நிலையத்தை அடைந்து, பின்னர் வறண்ட வலயத்து வயல்களுக்குச் செல்கின்றது. இத்தகைய அணையின் காவலரிடம், 'கதவை மூன்று சுற்றுத் திற' என்று ஒருவர் கட்டளையிட்டால், ஆற்றின் நிலை மாறியதும் அக்கட்டளை பயனற்றதாகிவிடும். 'நீர்மட்டம் இந்த அளவிலே நிற்க வேண்டும்' என்று கூறினாலோ, காவலர் மட்டத்தைப் பார்ப்பார், கூடினால் கதவைத் திறப்பார், குறைந்தால் மூடுவார், மீண்டும் பார்ப்பார். வேண்டிய நிலை ஒன்று, உள்ள நிலை ஒன்று. இரண்டையும் இடையறாது ஒப்புநோக்கி, வேறுபாட்டைக் களைவதே அவர் தொழில்.

குபர்னெட்டீஸும் அவ்வாறே இயங்குகின்றது. 'இச்செய்நிரலின் கொள்கலன் எப்பொழுதும் ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும்' என்று ஒரு கட்டளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், அது ஓடுகின்றதா என்று அமைப்பே பார்த்துக்கொள்ளும். நின்றுபோயின் வேறொன்றை எழுப்பும். அது குடியிருந்த கணினியே பழுதடையின், கூட்டத்திலுள்ள வேறொரு கணினியிலே இறக்கும். நள்ளிரவில் எவரையும் துயிலெழுப்ப வேண்டியதில்லை.

இத்துடன் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணத் தோன்றும். மழைக் கணக்குக்கு இது தீர்வாகாது. அதன் காரணத்தை ஓர் இரவின் கணக்கைக் கொண்டு காணலாம்.

மாலை 4 மணிக்கு மழை தொடங்குகின்றது. நள்ளிரவுக்குள் 120 மில்லிமீற்றர் பெய்துவிட்டது. மக்கள் வெளியேற ஆயத்தமாயிருக்க வேண்டிய நிலை. அப்பொழுது செய்நிரல் ஓடிக்கொண்டிருந்த கணினி நின்றுபோகின்றது. குபர்னெட்டீஸ் தன் கடமையைச் செவ்வனே செய்து, சில நிமிடங்களுக்குள் புதிய கொள்கலனை எழுப்பிவிடுகின்றது. ஆனால் புதிதாக எழுந்த செய்நிரல் பிறந்த குழந்தை போன்றது. மாலை முதல் பெய்த மழை எதனையும் அது அறியாது. அதன் கூட்டுத்தொகை சுழி. அதிகாலை 4 மணி வரை மேலும் 40 மில்லிமீற்றர் பெய்கின்றது. உண்மையான கணக்கு 160. அனைவரும் அகன்றிருக்க வேண்டும். செய்நிரலின் கணக்கிலோ 40 மட்டுமே. முதற்படி எச்சரிக்கைக்கும் அது போதாது. கண்காணிப்புத் திரையிலே எல்லாம் நலமாக ஓடுவதாகவே காட்டும். நின்றுபோன காவலனை எவரேனும் கண்டுபிடிப்பர். விழித்திருந்தும் மறந்துபோன காவலனைக் கண்டுபிடிப்பது அரிது.

ஒன்றுக்கு இரண்டாக ஓடவிட்டால் ஆகாதோ எனின், அதிலும் இடருண்டு. வரும் செய்திகள் இரண்டு கொள்கலன்களுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்படின், 160 மில்லிமீற்றர் மழையிலே ஒவ்வொன்றும் 80ஐ மட்டுமே காணும். அவ்விரண்டும் விழிப்பாயிருக்குமாறு சொல்லுமேயன்றி, வெளியேறுமாறு ஒருபோதும் சொல்லா. எல்லாச் செய்திகளையும் இரண்டுக்கும் அனுப்பினாலோ, ஒரே எச்சரிக்கை இருமுறை எழும். எச்சரிக்கைகள் அளவுக்கு மேல் ஒலிக்கத் தொடங்கினால் மக்கள் அவற்றைப் பொருட்படுத்தாதொழிவர். கேள்விக்கு விடை கூறுவதோடு அமையும் செய்நிரல்களை எத்தனை வேண்டுமாயினும் பெருக்கலாம். நினைவோடு கணக்கிடும் செய்நிரல்களை அவ்வாறு கண்ணை மூடிக்கொண்டு பெருக்கலாகாது.

அனுபவமிக்க பராமரிப்பாளர் ஒருவர் இவ்வேறுபாட்டை நன்கறிவார். எச்செய்நிரலுக்கு நினைவு உண்டு, அந்நினைவை எங்கே சேமிப்பது, எழுப்பும்பொழுது எதை முதலில் எழுப்புவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அவ்வறிவு அவர் தலைக்குள்ளேயே இருந்தது. அவர் விடுமுறையிலே சென்றால் அதுவும் அவருடன் சென்றது. 2016இலே கோர் ஓ.எஸ். என்னும் அமெரிக்க நிறுவனம் இதற்கொரு வழி கூறியது. பராமரிப்பாளரின் அறிவையே ஒரு செய்நிரலாக எழுதி, குபர்னெட்டீஸின் உள்ளே குடியமர்த்திவிட வேண்டும் என்பதே அவ்வழி. அச்செய்நிரலுக்கு 'ஒப்பரேட்டர்' எனப் பெயரிட்டனர். இயந்திரத்தின் அருகே நின்று அதனை இயக்கும் மனிதருக்கு வழங்கிய பெயர், அவர் அறிவைத் தாங்கிய செய்நிரலுக்கே பெயராயிற்று.

சித்திக்கென அத்தகைய ஒப்பரேட்டர் ஒன்று 2019இலே வெளிவந்தது. இதனைப் பயன்படுத்துவோர் கொள்கலன், சேமிப்பிடம், வாயில் என ஒவ்வொன்றையும் தனித்தனியே விவரிக்கத் தேவையில்லை. கணக்கு விதியையும், நினைவைச் சேமிக்க வேண்டிய இடத்தையும், செய்திகளைக் காத்து வைக்கும் முறையையும் ஒரே கட்டளைத் தாளில் எழுதிக் கொடுத்தாற் போதும். ஒப்பரேட்டர் அத்தாளைப் பெற்றதும் முதலில் விதியைப் படித்து, அதற்கு நினைவு தேவையா என ஆராய்கின்றது. 'இந்த 10 நிமிடத்திலே 15 மில்லிமீற்றருக்கு மேல் பெய்ததா?' என்பது போன்ற விதிக்குப் பழைய நினைவு வேண்டுவதில்லை. ஒரே கொள்கலனை எழுப்பி விடுகின்றது. '24 மணி நேரக் கூட்டுத்தொகை' என்றால் நினைவு வேண்டும். அப்பொழுது, செய்திகளைக் காத்து வைக்கும் முறையும் தாளில் குறிக்கப்பட்டிருப்பின், அது செய்நிரலை இரண்டாகப் பிரிக்கின்றது.

பிரிந்த முதற்பாகம் வாயிற்காவலன் போன்றது. வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கி அப்படியே உள்ளே கொடுப்பதன்றி வேறொன்றும் அது செய்வதில்லை. இரண்டாம் பாகமே கணக்கன். இருவருக்கும் நடுவே செய்திகளைக் காக்கும் அமைப்பு ஒன்று தபாற் கந்தோர்போல நிற்கின்றது. பெறுவோர் வீட்டில் இல்லையென்று கடிதம் வீசப்படுவதில்லை. அவர் திரும்பி வரும்வரை காத்து வைக்கப்படும். கணக்கனோ குறித்த கால இடைவெளியிலே தன் நினைவு முழுவதையும் படியெடுத்து, கொள்கலனுக்கு வெளியே உள்ள சேமிப்பிடத்திலே வைக்கின்றது. கடைசியாகக் கணக்கிற் சேர்த்த செய்தியின் வரிசை இலக்கமும் அப்படியுடன் பதிவாகும்.

இனி அதே இரவை மீண்டும் நோக்குக. கணக்கன் நள்ளிரவுக்குச் சற்று முன் நின்றுபோகின்றது. வாயிற்காவலன் வேறொரு கணினியிலே இருந்தமையால் அதற்கு ஊறில்லை; மழைமானியின் செய்தியை வாங்கி நடுவிலே சேர்த்து வைக்கின்றது. புதிய கணக்கன் எழுந்ததும் முதலிலே சேமிப்பிடத்திலுள்ள நினைவின் படியை எடுத்துப் படிக்கின்றது. எந்த இலக்கச் செய்தி வரை கூட்டப்பட்டது என்று அறிந்து, அதற்கு அடுத்த செய்தியிலிருந்து கணக்கைத் தொடர்கின்றது. சில நிமிடங்களுக்குள் 120 என்னும் தொகை மீண்டும் கைக்கு வந்துவிடுகின்றது. மணிக்கு 10 மில்லிமீற்றராக மழை நீடிப்பின், அதிகாலை 3 மணியளவிலே 150ஐத் தாண்டி, அகலுமாறு எச்சரிக்கை எழும். முன்னைய ஏற்பாட்டிலே 4 மணிக்கும் எழாத குரல் அது.

காலப்போக்கிலே விதியை மாற்ற வேண்டிய தேவையும் வரும். அங்கும் இம்முறையின் பயன் தெரிகின்றது. முன்னாளில் பராமரிப்பாளர் கணினிக்குள் புகுந்து ஓரிடத்தைத் திருத்துவார். யாது திருத்தப்பட்டது என்பதற்குச் சான்று இராது. இங்கோ திருத்தம் கட்டளைத் தாளிலேயே செய்யப்படுகின்றது. பழைய தாள்களை ஒழுங்காகப் பேணி வைப்பின், எவர், எப்பொழுது, எதனை மாற்றினார் என்பது விளங்கும். தவறு நேரின் முந்திய தாளைத் திரும்பக் கொடுத்துப் பழைய நிலைக்கு மீளலாம்.

எனினும் இம்முறைக்கு எல்லைகள் உண்டு. 150 என எழுத வேண்டிய இடத்திலே ஒருவர் 1500 என எழுதிவிட்டால், ஒப்பரேட்டர் அத்தவறையும் அயராது காத்து நிற்கும். வேண்டிய நிலை எது என்பதை அது அறியாது. சொன்ன நிலையை மட்டுமே அறியும். மழைமானியின் மின்கலம் தீர்ந்து செய்தி வராமற் போனால், மழை பெய்யவில்லை என்றே கணக்கு கொள்ளும். ஆகையால், 'அரை மணி நேரமாகச் செய்தி வரவில்லை' என்பதையே ஒரு நிகழ்ச்சியாகக் கொள்ளும் விதியையும் சேர்த்து எழுதுவது அறிவுடைமை. வராத செய்தியைக் கண்டறியும் விதியை எழுதவும் சித்தியின் மொழியிலே இடமுண்டு. மௌனமும் ஒரு செய்திதான்.

கருவிகளும் நிலையானவை அல்ல. சித்தியின் ஒப்பரேட்டர் வெளிவந்த பொழுது, நடுவிலிருந்து செய்திகளைக் காத்தது நட்ஸ் ஸ்ட்ரீமிங் என்னும் மென்பொருள். அதன் பராமரிப்பு 2023இலே நிறுத்தப்பட்டு, அதனிடத்தை ஜெட்ஸ்ட்ரீம் என்பது பெற்றது. பெயர்கள் மாறும். நினைவைக் கொள்கலனுக்கு வெளியே காத்தல், செய்தியை வாங்குவோனையும் கணக்கிடுவோனையும் பிரித்து வைத்தல், வேண்டிய நிலையை எழுதி வைத்து இடையறாது ஒப்புநோக்கல் என்னும் மூன்றும் கருவி எதுவாயினும் நிலைத்து நிற்பவை. அவற்றோடு பொது அறிவும் வேண்டும். கணினிகள் யாவற்றையும் ஒரே மலைச்சரிவிலே, ஒரே மின்கம்பியின் கீழ் வைத்துவிட்டால், கூட்டம் முழுவதும் ஒருங்கே அழியும். எழுப்புவதற்கும் எவரும் எஞ்சார்.

எச்சரிக்கை கணினியிலே பிறந்தால் மட்டும் பயனில்லை. அது வீட்டு வாயிலை அடைதல் வேண்டும். தோட்டத்து லயத்திலே வாழும் குடும்பத்துக்கு அது தமிழிலே சென்று சேர வேண்டும். மலைக்கிராமத்துச் சிங்களக் குடும்பத்துக்குச் சிங்களத்திலே சேர வேண்டும். எங்கே ஒதுங்குவது, எவ்வழியே செல்வது என்பதும் முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும். இவற்றை எந்த ஒப்பரேட்டரும் செய்து தராது. நள்ளிரவிலே கணினியைத் தட்டி எழுப்பும் வேலையிலிருந்து மனிதரை அது விடுவிக்கின்றது. அதனால் மிஞ்சும் நேரம் அயலவர் கதவைத் தட்டி எழுப்பும் வேலைக்குப் பயன்படுமாயின், அதுவே அதன் சிறந்த பயன்.

காலை 8.30 மணிக்குக் கட்டுகஸ்தோட்டை நிலையத்திலே மழைமானியின் இலக்கம் மீண்டும் ஒருமுறை குறிக்கப்படும். அவ்விலக்கம் நேற்றைய இரவைக் கூறுவது. அந்த இரவின் நடுவிலேயே, ஒரு துளியும் மறவாமல் கூட்டி, வேண்டிய வேளையிலே குரல் கொடுக்கும் காவல் ஒன்றும் அதனோடு வேண்டும். அக்காவலுக்கு வேண்டிய கருவியை ஆக்கும் ஆற்றல் இந்நாட்டு மாணவர் கைகளிலேயே பிறந்தது என்பது மகிழ்ச்சி தரும் செய்தி. எதைக் காக்க வேண்டும் என்று சரியாக எழுதிக் கொடுப்பதும், எழும் குரலைக் கேட்டு நடப்பதும் மனிதர் பொறுப்பு.